வாய மட்டும் அசைங்க

சாயாதிய தாயி, சாயாதிய! அது தலவாணி இல்ல, உள்ள சாமான் இருக்கு. எந்திரிக்க வேண்டாம், தாராளமா உக்காருங்க, நான் மடியில வச்சுக்கிடுதேன். இந்தா, எடம் ஆயிட்டு பாத்தியளா. திருச்செந்தூருக்கா? முருகனுக்கா? சந்தோசம். நாங்க குறும்பூர்ல எறங்கிருவோம். நாங்கன்னா, அந்தா சன்னல் ஓரத்துல வாயத் தொறந்துகிட்டு தூங்குதாவல்லா, அவியளும் நானும். எங்க வீட்டுக்காரவிய. வாழைத்தார் யாவாரம். வண்டி பாளையங்கோட்டயத் தாண்டல, அதுக்குள்ள ஒறக்கம். ஒறங்கட்டும். இன்னைக்கு அவிய பெரிய காரியம் ஒண்ணு பண்ணிட்டுல்லா வந்திருக்காவ. சொல்லுதேன், சொல்லுதேன்.

பிள்ளையா? அய்ய, இது பிள்ள இல்ல தாயி! எல்லாரும் அப்படித்தான் கேக்காவ. டிக்கெட் எடுக்கும்போது பின்னால நின்ன ஒரு அம்மா, பிள்ளைக்கு மூச்சு முட்டும், துணிய வெலக்குங்கன்னு சண்டைக்கே வந்துட்டாவ. தொறந்து காட்டினேன். கம்பியப் பாத்ததும் அவியளுக்கு மொகத்துல ஈயாடல. இது மண்டோலா. மண்டோலின் தெரியும்லா, கச்சேரியில சின்னதா மடியில வச்சு வாசிப்பாவல்லா? அதுக்கு அக்கான்னு வச்சுக்கிடுங்க. ஒடம்பு பெருசு, கழுத்து நீளம், சத்தம் கனம். பையி நான் தச்சது. பிளவுஸ் வெட்டின மிச்சத் துணியெல்லாம் சேத்து, நடுவுல பஞ்சு வச்சுத் தச்சேன். இந்தப் பச்சை, எங்க ஊரு எல்.ஐ.சி. ஏஜென்ட் பொண்டாட்டி பிளவுஸ். இந்த மாம்பழ மஞ்சள் யாருது தெரியுமா? பிளாரன்ஸ் டீச்சருது. அவிய கதைக்கும் வருவேன். நான் டெய்லரு தாயி. பாக்கியவிளை நேசக்கனி டெய்லர்னா குறும்பூர்ல ஆட்டோக்காரன் கேள்வி கேக்காம வண்டிய எடுப்பான்.

எல்லாம் கிதியோன் மாஸ்டரால வந்தது. அவரு எங்க கோயில்ல கொயர் மாஸ்டர். கோயில்னா உங்க கோயில் இல்ல, சர்ச்சு. நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். பாட்டுக்காரங்க கூட்டத்தக் கொயர்ங்கது. கீபோர்டு வாசிக்கதும் அவருதான், சுருதி வைக்கதும் அவருதான், யாரு எங்கன நிக்கணும்னு கையக் காட்டுததும் அவருதான். பிளாரன்ஸ் டீச்சர் அவரு வீட்டுக்காரம்மா. நல்ல குரலு, பொய் சொல்லக்கூடாது. பட்டு நூலு மாதிரி மேல மேல போயிட்டே இருக்கும். ஆனா பாத்துக்கிடுங்க, அந்த அம்மா போற உசரத்துக்குத்தான் ஊரே போகணும். மத்தவ என்ன, ஏணி கொண்டா வர முடியும்?

நான் இருவது இருவத்தஞ்சு வருசமா கொயர்ல நிக்கேன். முன் வரிசை. ஏன்னா கொயருக்கு யூனிபார்ம் பிளவுஸ் தைக்கது நானு, தையக்கூலி வாங்க மாட்டேன். போன வருசம் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு, அதான் கோயில் கட்டித் தொறந்த நாளுக்கு, பிராக்டிஸ். பாட்டு மேல ஏறுத எடத்துல என் குரலு கொஞ்சம் கிழிஞ்சுது. ஒடனே கிதியோன் மாஸ்டர் கையத் தூக்கிப் பாட்ட நிப்பாட்டினாரு. எல்லாரும் கேக்கத்தக்க, "நேசக்கனியக்கா, நீங்க இந்தப் பாட்டுக்கு வாய மட்டும் அசைங்க"ன்னாரு.

எனக்கு வெளங்கல தாயி. "எந்த எடத்துல மாஸ்டர்?"ன்னேன்.

"ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும்."

பிளாரன்ஸ் டீச்சர் பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள மொகத்த வச்சுக்கிட்டாவ. தோளு குலுங்குது. நான் பாக்கலன்னு நெனச்சாவ. அந்தத் தோளுக்கு அளவு எடுத்ததே நான், அது குலுங்குனா எனக்குத் தெரியாதா?

சொல்லுங்க, என் தொண்டைக்கு என்ன கொற? மீன்காரன் எங்க தெருவத் தாண்டி பஸ்ஸ்டாண்டு பக்கம் போயிட்டாலும் இங்கன இருந்தே கூப்பிட்டுத் திருப்பிருவேன். கொஞ்சம் கனத்த குரலு, அம்புட்டுதான். போன்ல பேசினா "சொல்லுங்க சார்"ங்காவ. சாருன்னா மரியாததான? நான் ஒண்ணும் சொல்லுததில்ல.

பண்டிகை அன்னைக்கு புதுச்சேலை கட்டி, முன் வரிசையில நின்னு, வாய அசைச்சேன். ஒழுங்கா அசைச்சேன், ஒரு வார்த்தை விடாம. முடிஞ்சு வெளிய வந்தா என் கூடப்பொறந்த தங்கச்சி ஓடி வாரா. "யக்கா, இன்னைக்கு மாதிரி நீங்க என்னைக்குமே பாடினதில்லக்கா, அவ்வளவு நல்லாருந்துச்சு"ங்கா! எனக்கு எப்படி இருக்கும்? வீட்டுக்குப் போயி சேலையக் கூட மாத்தாம உக்காந்து அழுதேன். அவிய அந்தா தூங்குதாவல்லா, அன்னைக்கும் ஒண்ணும் பேசல. ஒரு செம்பு தண்ணி கொண்டு வந்து பக்கத்துல வச்சாவ. அம்புட்டுதான். அவிய கோயில்லயும் அப்படித்தான் தாயி. கல்யாணம் ஆன நாள்லருந்து ஆம்பளய பக்கம் கடைசி பெஞ்சு. பாட்டுப் புஸ்தகத்த விரிச்சு வச்சிருப்பாவ, வாயத் தொறக்க மாட்டாவ. அவியளுக்கு விசுவாசம் கம்மின்னு நான் வருசக்கணக்கா ஜெபம் பண்ணிட்டு இருந்தேன். உபவாசம் கூட இருந்தேன்.

அன்னைக்கு அழுது முடிச்சதும் ஒரு வைராக்கியம். என் குரலுதான வேண்டாம்? வாத்தியத்தோட வாரேன், அப்பம் எவன் வேண்டாம்ங்கான்னு பாப்போம். என்ன வாத்தியம்? கீபோர்டுன்னா அது மாஸ்டர் சிம்மாசனம். வயலினுக்கு கழுத்த ஒடிக்கணும், மிசின்ல குனிஞ்சு குனிஞ்சு என் கழுத்து ஏற்கெனவே ஒடிஞ்சுதான் கெடக்கு. போன்ல ஒருத்தர் மண்டோலின் வாசிக்கதப் பாத்தேன். கை குட்டி குட்டியா போயிட்டு வருது, ஓட்டுத்தையல் போடுத மாதிரி. அட, இது நம்ம வேலைலான்னு தோணிட்டு. வீட்ல பழைய மிதி மிசின் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அத வித்தேன். வித்த காசு என்னவோ அதுக்குள்ள வாத்தியம் வாங்கணும்.

ஸ்ரீவைகுண்டமா வந்துட்டு? இல்ல, செய்துங்கநல்லூர்தான். நெறைய நேரம் இருக்கு.

அவியளையும் கூட்டிக்கிட்டு திருநெல்வேலிக்குப் போனேன். சங்சன் பக்கம் ஒரு கடை. காதுல கடுக்கன் போட்ட தம்பி ஒருத்தன். நல்ல பையன். மண்டோலின் எடுத்துக் குடுத்தான். வாங்கி மடியில வச்சேன். தாயி, அது எங்கைக்கு பட்டன் மாதிரி இருந்துச்சு! என் வெரலப் பாருங்க. ஒரு வெரல வச்சா ரெண்டு சுரத்த மூடிருது. மேல பாத்தேன். சுவத்துல உசரத்துல, பிளாஸ்டிக் உறைக்குள்ள, தூசி படிஞ்சு இதே மாதிரி பெருசா சிலது தொங்குது. "அது என்னது?"ன்னேன். "அது மண்டோலாக்கா. யாரும் கேட்டு வாரதில்ல, எடத்த அடச்சிட்டு கெடக்கு. வேணும்னா சின்னது வெலைக்கே தாரேன்"ங்கான்.

சின்னது வெலைக்குப் பெருசு! எனக்குத் தலகால் புரியல. பாவாடத் துணி வெலைக்கு புடவையே தாரேன்னு சொன்னா எவ வேண்டாம்ப்பா? ஆனா அந்தப் பையன் நல்லவன், மறைக்கல. "யக்கா, இது சுருதி மண்டோலினை விடக் கீழ இருக்கும்"ன்னான்.

"வெரல் வைக்கிற எடம் ஒண்ணுதான?"ன்னேன்.

"அது ஒண்ணுதான்."

"பொறவு என்ன? எறக்கு."

எறக்கினான். மொதல்ல ஒண்ணு, செவப்பா பளபளன்னு, ஓட்டையச் சுத்தி பூ வேலை. அவியளுக்கு அது பிடிச்சிட்டு, மூஞ்சப் பாத்தாலே தெரியுது. நான் கைப்பைல இருந்து டேப்ப எடுத்தேன். ஆமா தாயி, இஞ்சி டேப்பு, அது இல்லாம நான் வெளிய போறதில்ல. கழுத்துல குறுக்க குறுக்க கம்பி பதிச்சிருக்கும்லா, மெட்டுங்காவ. அதுல பன்னெண்டாவது மெட்டு, கம்பியோட நீளத்துல சரி பாதில நிக்கணும். போன்ல ஒருத்தர் சொல்லிக் குடுத்தாரு. அளந்து பாத்தா பாதிலருந்து ஒரு நூல் தள்ளி நிக்கி. "கொஞ்சம்தானக்கா"ங்கான். "ஒரு தோள் கொஞ்சம் எறங்கின சட்டைய நீ போடுவியாடே?"ன்னேன். கம்பியத் தட்டிக் காட்டினான், பாதில அமுக்கியும் தட்டினான். ரெண்டும் ஒட்டவே இல்ல, அவனுக்கே கேட்டுட்டு. ஓரமா வச்சுட்டான்.

ரெண்டாவது எடுத்தா, கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவுல என் சுண்டுவெரல் போயிட்டு வருது. அத அமுக்கி வாசிக்கதுக்கு பயில்வான்தான் வரணும். மூணாவது இதுதான். ஒரு அலங்காரம் கெடையாது. முதுகுல நீளமா ஒரு கீறல். கழுத்த கண்ணுக்கு நேரா வச்சு, ஒரு கண்ண மூடிப் பாத்தேன். நூல் பிடிச்ச மாதிரி நேரு. கம்பி தாழ்வா, மெத்துன்னு அமுங்குது. பாதி சரி பாதியா நிக்கி. "ஒட்டுப்பலகைதான்க்கா, முழுப்பலகைன்னா வெலை எங்கயோ போயிரும்"ன்னான். "நான் என்ன இத வச்சு கட்டிலா செய்யப் போறேன்?"ன்னேன். கீறலுக்குக் கொஞ்சம் கொறக்கச் சொல்லிக் கேட்டேன், கொறச்சான். முதுக யாரு பாக்கா? வாசிக்கும்போது அது என் வயித்துலல்லா ஒட்டிக்கிட்டு இருக்கும். அவிய அன்னைக்கு பேசின ஒரே வார்த்த, "எடுத்துக்கோ."

கம்பியத் தட்டுததுக்கு ஒரு சின்ன வில்லை விக்காவ. நான் வாங்கல. சட்டைக் காலருக்குள்ள வெறப்பா நிக்கதுக்கு பிளாஸ்டிக் பட்டை வைப்போம்லா, அது எங்கிட்ட டப்பா நெறைய இருக்கு. அதத்தான் பிடிச்சு வாசிக்கேன். இந்தா பாருங்க. சத்தம் சும்மா கணீர்னு வரும்.

பொறவு என்ன, எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு! ஊசி குத்தின வெரலுங்கதுனால நுனி காய்ப்புக் காய்ச்சு கெடக்கு, கம்பி ஒண்ணும் பண்ணல. காலைல மிசின்ல உக்காந்தா கைதான் துணியில, மனசு கம்பியில. ஒரு கல்யாணப் பொண்ணு பிளவுஸுக்கு ரெண்டு கையும் எடது கையா வச்சுத் தச்சுட்டேன். அந்தப் பொண்ணு போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நிக்கி, சிரிக்கதா அழுகதான்னு தெரியாம. "பிரிச்சுத் தாரேன் தாயி, அதுக்குள்ள இத ஒரு தடவ கேளு"ன்னு சொல்லி ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டினேன்.

போன்ல மண்டோலின் பாடம் நடத்துதவரு வாசிக்கதோட சேந்து வாசிச்சா மட்டும் ஒரே சண்ட. அவரு ஒரு பக்கம் போறாரு, நான் ஒரு பக்கம் போறேன். வெரல் என்னவோ அதே எடத்துலதான் வைக்கேன். சரி, அந்த மனுசரு வாத்தியத்துல ஏதோ கோளாறுன்னு சத்தத்த அணைச்சிட்டேன். அவரு வெரல மட்டும் பாத்து, சத்தத்த எங்கிட்ட வச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு சண்டையும் இல்ல.

பொறவு நடந்ததுதான் அதிசயம். ஒரு நாள் மத்தியானம் வாசிச்சுக்கிட்டே வாயத் தொறந்து பாடினேன். தாயி, குரலு போயி உக்காந்துட்டு! தச்ச பிளவுஸு ஒடம்புல உக்காருமே, எங்கயும் இழுக்காம, எங்கயும் தொங்காம, அந்த மாதிரி. மேல போற எடத்துல கிழியல. கீழ எறங்குத எடத்துல நெஞ்சுல கிண்ணுன்னு நிக்கி. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "யக்கா, ரேடியோவா வச்சிருக்கிய?"ங்கா. நான் பனங்கற்கண்டு சாப்பிடுததுனாலதான்னு நெனச்சேன். கூட ஒரு கிலோ வாங்கிப் போட்டேன்.

சரி, இப்பம்தான் பண்டிகைக்கு வாரேன். அறுப்பின் பண்டிகை. எங்க ஊர்ல அன்னைக்கு அவனவன் வெளைஞ்சதக் கொண்டு வந்து கோயில்ல படைப்பான். பூசணிக்காய், வாழைத்தார், தேங்கா, காலக் கட்டின கோழி, எல்லாம் வந்து பீடத்துக்கு முன்னால கெடக்கும். பொறவு ஏலம். வெளைச்சல் இல்லாதவிய பாட்டு படைக்கலாம். ஸ்பெஷல் சாங்குன்னு பேரு குடுத்தா ஐயர், எங்க பாதிரியார நாங்க அப்படித்தான் சொல்லுவோம், அவரு கூப்பிடுவாரு, யாரும் தடுக்க முடியாது. நான் பேரு குடுத்தேன். கிதியோன் மாஸ்டர் காதுக்குப் போகாம குடுத்தேன்.

ஐயர் பேரு வாசிச்சதும் இதத் தூக்கிக்கிட்டு முன்னால போனேன். கிதியோன் மாஸ்டர் கண்ணு வெளிய வந்துட்டு. ஆனாலும் மனுசரு கடமை தவற மாட்டாரு, கீபோர்டுல கைய வச்சுக்கிட்டு, "என்ன சுருதிக்கா?"ன்னாரு.

"எப்பவும் உள்ளதுதான்"ன்னேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச அறுப்புப் பாட்டுத்தான், பிள்ளையள்லாம் சொல்லும். ஆரம்பிச்சேன். அவரும் ஆரம்பிச்சாரு. ஏ தாயி! ஒரு கோவேறு கழுதையும் ஒரு லாரியும் ஒண்ணா மலையேறின மாதிரி இருந்துச்சு. காலக் கட்டிப் போட்டிருந்த கோழியெல்லாம் படபடன்னு றெக்கைய அடிச்சுட்டு. மாஸ்டர் ஒரு பட்டன அமுக்குதாரு, சுருதி மேல போகுது. இன்னொண்ண அமுக்குதாரு, இன்னும் மேல போகுது. அந்த மனுசருக்கு மேல போகத்தான் தெரியும். கீழ பட்டன் இருக்கான்னே தெரியாது போல. பிளாரன்ஸ் டீச்சர் வாயப் பொத்திக்கிட்டாவ. என் தங்கச்சி தலையில கைய வச்சுக்கிட்டா. நான் ஏன் நிப்பாட்டணும்? இவருதான கோளாறு பண்ணுதாரு? கண்ண மூடிக்கிட்டேன். வாசிச்சுக்கிட்டே போனேன். கடைசில அவரு கீபோர்டுலருந்து கைய எடுத்துட்டாரு.

இப்பம் நான் மட்டும்தான். பாட ஆரம்பிச்சேன். என் குரலு கோயிலுக்குள்ள போயி எல்லாத் தூண்லயும் பட்டுத் திரும்பி வருது, எனக்கே கேக்கு. வாய அசைச்சுட்டு நின்ன அதே எடம் தாயி.

ரெண்டாவது அடி வரும்போது கூட யாரோ பாடுதாவ. பொம்பளய பக்கம் கடைசி வரிசை. கண்ணத் தொறந்து பாக்கேன், நம்ம பால்காரம்மா. அந்த அம்மா பாடி நான் பாத்ததே இல்ல. பொறவு ரேசன் கடை அக்கா. அவளுக்குப் பக்கத்துல ரெண்டு பேரு. ஆம்பளய பக்கத்துலருந்து ஒரு கூட்டம். கோயிலுக்கு வந்தா தூங்குத கூட்டம் அது, எந்திரிச்சு நின்னு பாடுது! முன் வரிசை வாயப் பொளந்துக்கிட்டு திரும்பிப் பாக்கு. பின் வரிசையெல்லாம் பாடுது. அந்தச் சத்தத்துக்கு அடியில ஒரே ஒரு குரலு, கெணத்துக்குள்ளருந்து வார மாதிரி. வெளிய ஏதோ லாரி நிக்கின்னு நெனச்சேன். நிதானமா, சுதி பிசகாம, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா. யாருன்னு தேடுதேன். அந்தா தூங்குதாவல்லா. அவிய தாயி. அவிய!

நான் அப்படியே நின்னுட்டேன். கை மட்டும் அதுபாட்டுக்கு வாசிக்கு. இத்தன வருசம் கூட இருந்திருக்கேன், சோறு போட்டிருக்கேன், சண்ட போட்டிருக்கேன், அவியளுக்கு ஒரு பாட்டுக் குரலு இருக்குன்னே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏன் இத்தன நாளு பாடலன்னு. "கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் பாடினேன். முன்னால இருந்த பெஞ்சு முழுக்க திரும்பிப் பாத்துச் சிரிச்சுது. அந்தப் பாட்டு உசரம் எனக்கு எட்டல, விட்டுட்டேன்"ன்னாவ. எட்டலயாம். நான் விசுவாசம் இல்லன்னுல்லா பட்டினி கெடந்தேன்!

பிளாரன்ஸ் டீச்சரா? அதச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. பாவம், அன்னைக்கு அவியளுக்கு தொண்ட கட்டிருந்துச்சு போல. பாட்டு கீழ எறங்குத எடத்துலல்லாம் சத்தமே வரல. ஆனா நல்ல மனசு, விட்டுக்குடுக்கல, கடைசி வரைக்கும் வாய மட்டும் அசைச்சுக்கிட்டு நின்னாவ. நான் மறுநாள் பனங்கற்கண்டு கொண்டு போயிக் குடுத்தேன். ஏன் தாயி சிரிக்கிய? நெசமாத்தான், கால் கிலோ.

கடலை வேணுமா? ஏ தம்பி, ரெண்டு பொட்டலம். காசு நான் குடுக்கேன், விடுங்க.

அந்த வாரமே கிதியோன் மாஸ்டர் வீட்டுக்கு வந்தாரு. காப்பி குடிச்சாரு. "அக்கா, கிறிஸ்மஸ் கொயர்ல உங்களுக்கு முன் வரிசையில எடம் உண்டு. வாத்தியத்தோட. வாசிக்கலாம், பாடவும் செய்யலாம். ஆனா இந்தப் பெருசு நமக்கு ஒத்துவராது. கடையில குடுத்து சின்னத மாத்திட்டு வந்திருங்க. பெருசக் கொண்டு வந்தா கொயர்ல நிக்க முடியாது"ன்னாரு. எனக்கு வானத்துல பறக்கத மாதிரி இருந்துச்சு. முன் வரிசை! வாத்தியத்தோட! அன்னைக்கே ஊர் முழுக்க சொல்லிட்டேன், தங்கச்சிக்கு போன் போட்டேன். கிறிஸ்மஸ் பிளவுஸுக்கு எனக்கு மட்டும் கைல சின்னதா மண்டோலின் எம்ப்ராய்டரி போடணும்னு நூலு கூட எடுத்து வச்சுட்டேன். பெருசுதான, மாத்திட்டா போச்சுன்னு நெனச்சேன். அதான் இன்னைக்கு ரெண்டு பேருமா திருநெல்வேலிக்குப் போனோம்.

அதே கடை, அதே கடுக்கன் தம்பி. "மாத்திக் குடுக்கேன்க்கா, வாசிச்சுப் பாத்து எடுத்துக்கோங்க"ன்னான். சின்னத வாங்கி மடியில வச்சேன். வெரல இறுக்கி இறுக்கி வச்சு அந்த அறுப்புப் பாட்ட வாசிச்சேன். இந்தத் தடவ நல்லாவே வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. பாட வாயத் தொறந்தேன்.

கிழிஞ்சிட்டு தாயி. பழைய துணி மாதிரி சர்ருன்னு கிழிஞ்சிட்டு. அந்த பிராக்டிஸ் அன்னைக்கு கிழிஞ்ச அதே எடத்துல. தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவ. அப்பமும் கிழியுது. பனங்கற்கண்டு ஒண்ணும் பண்ணல. கடைக்காரப் பையன்தான் வெளங்க வச்சான். "யக்கா, நான் அன்னைக்கே சொன்னம்லா? ஒரே எடத்துல வெரல வச்சாலும் மண்டோலா அஞ்சு சுரம் கீழ பேசும். உங்க கொயர் மண்டோலின் சுருதில நிக்கி போல. உங்க குரலு இதுக்குத்தான் பொருந்தும்."

எனக்கு அப்பம்தான் எல்லாம் வெளங்குச்சு. பால்காரம்மா ஏன் பாடினா, ரேசன் கடை அக்கா ஏன் பாடினா, எல்லாம். அவன்ட்ட சொன்னேன்: "தம்பி, இது கீழ ஒண்ணும் பேசல. எங்க கோயில்தான் இத்தன வருசமா அஞ்சு சுரம் மேல ஏறி நின்னுருக்கு."

ஆனாலும் தாயி, முன் வரிசை. லேசுல விட்டுருவனா? ஆச இல்லன்னு சொன்னா பொய். ஒரு வருசமா அந்த ஒரு எடத்துக்குத்தான் இத்தன பாடும் பட்டேன். சின்னதுதான் நல்லாருக்கு, பாடாட்டி என்ன, வாசிச்சுக்கிட்டு நிப்போம், இதயே கட்டித் தாங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். எதுக்கும் ஒரு தடவ இன்னும் வாசிச்சுப் பாக்கட்டுமான்னு வாசிச்சேன். வாசிச்சுக்கிட்டே அவியளப் பாத்தேன். கல்லாப் பக்கத்துல நின்னு அவியளும் கூடப் பாடப் பாக்காவ. சத்தம் வரல. எட்டல. வாய மட்டும் அசைச்சுக்கிட்டு நிக்காவ.

எனக்கு கை நின்னுட்டு. அதுக்குள்ள அவிய என்ன பண்ணினாவ தெரியுமா? மேசை மேல வச்சிருந்த இந்தப் பெருச எடுத்தாவ. தானே பைக்குள்ள வச்சாவ. நாடாவ ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாவ. என் மடியில இருந்த சின்னத வாங்கி அந்தத் தம்பி கையில குடுத்துட்டு, "வா, வண்டிக்கு நேரமாச்சு"ன்னாவ. கல்யாணம் ஆனதுலருந்து எனக்காக அவிய எடுத்த மொத முடிவு தாயி அது. அந்த அலுப்புலதான் தூங்குதாவ.

கிதியோன் மாஸ்டர்ட்ட என்ன சொல்லப் போறேன்னு கேக்கியளா? சொல்லணுமா என்ன, பைய பாத்தா தெரிஞ்சிரும். முன் வரிசைய அவியளே வச்சுக்கிடட்டும். நான் பின்னால போயி உக்காந்துக்கிடுதேன், பால்காரம்மா பக்கத்துல. பாடத் தெரிஞ்ச கூட்டமெல்லாம் அங்கனதான இருக்கு! யூனிபார்ம் பிளவுஸா? தைப்பேன், அதுக்கு என்ன. ஆனா இந்த வருசம் தையக்கூலி வாங்குவேன்.

ஆழ்வார்திருநகரி தாண்டிட்டா? இருங்க, இருங்க, ஒரு பாட்டுக்கு நேரம் இருக்கு. நாடாவ அவிழ்க்கேன். எப்படி இறுக்கிக் கட்டிருக்காவ பாருங்க. இந்தப் பாட்டு உங்களுக்கும் தெரியும், சினிமாப் பாட்டுதான், எல்லாக் கல்யாண வீட்லயும் போடுவாவ. காலர் பட்டை எங்க? இந்தா இருக்கு.

கேக்குதா? சத்தம் எப்படி, வயித்துக்குள்ள வந்து நிக்கில்லா? ஏ, அங்கன பாருங்க, பாருங்க! கண்ணத் தொறக்கல, ஒறக்கம் கலையல, அவிய பாடுதாவ! கீழ, கெணத்துக்குள்ளருந்து வருது பாத்தியளா? கடலைக்காரப் பையன் கூட நின்னுட்டான்!

ஏம்மா, நீங்க என்ன வாய மட்டும் அசைக்கிய? உங்க பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் சொன்னாவளா? அட, போட்டும் விடுங்க. சத்தமா பாடுங்க தாயி. இந்த வண்டியில கிதியோன் மாஸ்டர் இல்ல.